செய்முறையைப் படித்தல்: மூலநிரல் இயங்குதளங்களில் மென்பொருளைத் தேடுவதும் நிறுவுவதும்

டெபியன், ஃபெடோரா, உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களில் ஒரு மென்பொருளை நிறுவும்போது, வேறெங்கோ ஒரு கணினியில் கம்பைல் செய்து முடித்த கோப்புகள் இறங்கி நம் வட்டில் உரிய இடங்களில் உட்கார்ந்துகொள்கின்றன. மூலநிரல் வழி நடக்கும் இயங்குதளங்களில் முதலில் இறங்குவது ஒரு செய்முறை. ஜென்டூ லினக்ஸில் அந்தக் கோப்புக்கு ஈபில்ட் என்று பெயர், ஃப்ரீபிஎஸ்டியில் போர்ட். மூலநிரலை எங்கிருந்து எடுப்பது, வந்து சேர்ந்தது அதே கோப்புதானா என்று எப்படிச் சரிபார்ப்பது, எந்த பேட்ச்களைப் போடுவது, வேறு எந்தெந்த மென்பொருள்கள் முன்பே இருக்கவேண்டும், எந்த வசதிகளைச் சேர்க்கலாம், எவற்றை விடலாம் என்பதெல்லாம் அந்தச் சிறிய உரைக்கோப்பில் எழுதியிருக்கும். அதைப் படித்துக் கம்பைல் செய்வது நம் கணினியின் வேலை.

இந்த முறையைப் பற்றி எழுதுபவர்கள் இருபது ஆண்டுகளாக வேகத்தையே பேசிவருகிறார்கள். நம் செயலிக்கென்றே கம்பைல் செய்த நிரல் வேகமாக ஓடும் என்பது ஒரு கட்சி. அந்த வேகத்தால் மிச்சமாகும் நொடிகளைவிடக் கம்பைலுக்குப் போகும் மணிநேரங்கள் அதிகம் என்பது எதிர்க்கட்சி. இந்த வழக்கில் இரு தரப்பும் முக்கியமான இடத்தை விட்டுவிடுகின்றன என்பது என் எண்ணம். மூலநிரல் முறையின் பெறுமதி, நிறுவுவதற்கு முன் நடக்கும் தேடலில் இருக்கிறது. ஒரு மென்பொருள் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை, அதைப் பயன்படுத்தப் போகிறவர் படித்துப் பார்த்து மாற்றவும் முடிகிற இடம் அது. அந்த இடம் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் பொறுத்துக்கொள்ளத் தக்கவை.

ஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸ் தொகுப்பு 1994இல் தொடங்கியது. ஜோர்டன் ஹப்பார்ட் எழுதிய மேக் கோப்புகள்தான் அதன் அடித்தளம். அதற்கு முன் ஒருவர் மூலநிரலைத் தாமே இறக்கி, கான்ஃபிகர் நிரலை ஓட்டி, மேக் கட்டளை கொடுத்து, பிழை வந்தால் தாமே திருத்தி நிறுவ வேண்டும். அப்படி ஒருவர் செய்த திருத்தம் அவரோடு போய்விடும். போர்ட்ஸ் அந்தத் திருத்தங்களை எல்லாருக்கும் பொதுவான ஓர் அடைவுமரத்தில் எழுதிவைத்தது. 1997இல் நெட்பிஎஸ்டி அதிலிருந்து கிளைத்து பேக்கேஜ்சோர்ஸ் என்ற தொகுப்பை உருவாக்கியது. அது இன்று லினக்ஸ், மேக்ஓஎஸ், இல்லுமோஸ் வழித்தளங்கள் எனப் பலவற்றிலும் ஓடுகிறது. ஓபன்பிஎஸ்டியிலும் போர்ட்ஸ் உண்டு. ஆனால் சாதாரணப் பயனர்கள் முன்பே கம்பைல் செய்த ஆயத்தப் பொதிகளையே எடுத்துக்கொள்ளும்படி அதன் ஆவணங்கள் வலியுறுத்துகின்றன. போர்ட்ஸ் அங்கே முதன்மையாகப் பொதி செய்பவர்களுக்கான கருவி.

லினக்ஸ் பக்கத்தில் ஜெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கிய லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் எல்லாவற்றையும் கையால் கட்டக் கற்றுத்தருகிறது; அதில் பொதி மேலாண்மையே கிடையாது. டேனியல் ராபின்ஸ் ஃப்ரீபிஎஸ்டியைச் சில மாதங்கள் பயன்படுத்திவிட்டு வந்து, அதன் போர்ட்ஸ் எண்ணத்தை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். அப்படிப் பிறந்தது ஜென்டூவின் பொதி மேலாண்மைக் கருவியான போர்ட்டேஜ். ஜென்டூவின் 1.0 பதிப்பு 2002 மார்ச் 31 அன்று வெளியானது. அதே காலத்தில் சார்சரர் என்ற வழங்கலும், அதன் வழிவந்த சோர்ஸ் மேஜ், லூனார் லினக்ஸ் ஆகியனவும் இயங்கின. சோர்ஸ் மேஜில் செய்முறைகள் மந்திரங்கள், அவற்றின் தொகுப்பு க்ரிமுவார் என்னும் மந்திரநூல், நிறுவும் கட்டளை காஸ்ட், தேடும் கட்டளை கேஸ். லூனாரில் நிறுவ லின், தேட எல்வியூ. பெயர்கள் வேறானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். சிறியதாகவும் நேர்த்தியாகவும் இருந்த க்ரக்ஸ் வழங்கல் ஆர்ச் லினக்ஸுக்கு முன்மாதிரியானது. ஆர்ச் ஆயத்தப் பொதிகளை நம்பியிருந்தாலும் அதன் பயனர் களஞ்சியம் முழுக்கச் செய்முறைகளே.

முதல் தேடல் பெயருக்கானது. ஜென்டூவின் களஞ்சியத்தில் ஏறத்தாழ 19,000 பொதிகள் உண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் 30,000க்கு மேல். இரண்டிலும் ஒவ்வொரு பொதியும் ஒரு வகையின் கீழ் இருக்கும். விம் ஜென்டூவில் ஆப்-எடிட்டர்ஸ் என்ற வகையிலும், ஃப்ரீபிஎஸ்டியில் எடிட்டர்ஸ் என்ற அடைவிலும் உள்ளது. ஜென்டூவில் நிறுவப் பயன்படும் எமர்ஜ் கட்டளைக்கே தேடும் வசதியும் உண்டு. விளக்கங்களுக்குள்ளும் தேடச் சொன்னால் அது மெதுவாகிவிடும் என்பதால் அனுபவப்பட்டவர்கள் ஈஐஎக்ஸ் என்ற கருவியை நிறுவிக்கொள்கிறார்கள். அது முன்கூட்டியே ஓர் அட்டவணை தயாரித்து வைத்துக்கொண்டு உடனே விடை சொல்லும். ஃப்ரீபிஎஸ்டியில் போர்ட்ஸ் அடைவின் உச்சியில் நின்று மேக் சர்ச் கொடுக்கலாம். அதுவும் இண்டெக்ஸ் என்ற ஒற்றைக் கோப்பைத்தான் புரட்டுகிறது. பைத்தான், பெர்ல், ரூபி நூலகங்களுக்குத் தனி முன்னொட்டுகள் இருப்பதை அறியாத புதியவர்கள், இருக்கும் பொதியையே இல்லை என்று முடிவுகட்டிவிடுவதுண்டு.

அடுத்த தேடல் கடினமானது. ஒரு நிரலைக் கம்பைல் செய்யும்போது குறிப்பிட்ட ஒரு ஹெடர் கோப்பு இல்லை என்று பிழை வருகிறது. அந்தக் கோப்பைத் தரும் பொதி எது? டெபியனில் ஏபிடி-ஃபைல் உடனே சொல்லிவிடும். அங்கே எல்லாப் பொதிகளும் கட்டி முடிந்தவை, ஒவ்வொன்றிலும் என்னென்ன கோப்புகள் என்பது முன்பே தெரியும். ஜென்டூவில் ஒரு பொதியின் கோப்புப் பட்டியல் அதைக் கட்டி முடிக்கும்வரை உருவாவதில்லை. பயனர் தேர்ந்த வசதிகளைப் பொறுத்து அது மாறவும் செய்யும். ஏற்கெனவே நிறுவியவற்றில் தேட ஈக்வரி உண்டு. நிறுவாதவற்றில் தேட, பயனர்கள் தங்கள் கணினியின் பட்டியல்களை அனுப்பிச் சேர்க்கும் போர்ட்டேஜ் ஃபைல் லிஸ்ட் என்ற தன்னார்வ முயற்சியை நாட வேண்டியிருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி இதை வேறுவிதமாகக் கையாள்கிறது. அங்கே பெரும்பாலான போர்ட்களில் நிறுவப்படப்போகும் கோப்புகளின் பட்டியலைப் பராமரிப்பாளரே எழுதிவைக்கிறார். குறிப்பிட்ட வசதியைத் தேர்ந்தால் மட்டும் வரும் கோப்புகளுக்கு அடையாளமும் இடுகிறார். இது பராமரிப்பாளருக்குக் கூடுதல் சுமைதான். ஆனாலும் கட்டுவதற்கு முன்பே கோப்பைத் தேட முடிவது பெரிய வசதி. இந்த ஒன்றில் ஜென்டூவைவிட ஃப்ரீபிஎஸ்டி முன்னால் நிற்கிறது என்றே சொல்வேன்.

இதற்கெல்லாம் மேலே, பெயர் கிடைத்தபின் செய்ய வேண்டிய தேடல் ஒன்று உண்டு: இந்த மென்பொருள் எனக்கு எந்த வடிவத்தில் வேண்டும்? ஜென்டூவில் இதற்கான விடை யூஸ் ஃப்ளாக். ஒவ்வொரு ஈபில்டும் தான் ஏற்கும் ஃப்ளாக்களை அறிவிக்கும். எக்ஸ் வேண்டாம், வேலண்ட் வேண்டும், அச்சுப்பொறி ஆதரவு வேண்டாம் என்று மேக்.கான்ஃப் கோப்பில் ஒருமுறை எழுதினால் எல்லாப் பொதிகளுக்கும் அது பொருந்தும். ஒரு பொதிக்கு மட்டும் மாற்ற வேண்டுமானால் பேக்கேஜ்.யூஸ் அடைவில் எழுதலாம். ஃப்ரீபிஎஸ்டியில் மேக் கான்ஃபிக் கொடுத்தால் தேர்வுப்பெட்டி திறக்கும். ஒரு போர்ட்டின் சார்புகள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பதில் சொல்லிவைக்க மேக் கான்ஃபிக்-ரிக்கர்ஸிவ் உண்டு. அதைக் கொடுக்காமல் இரவில் கம்பைலைத் தொடங்கிவிட்டு உறங்கினால், காலையில் ஏதோ ஒரு நூலகத்தின் தேர்வுப்பெட்டி பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கும்.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்தத் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஈமாக்ஸ் நல்ல சான்று. தமிழில் உயிர்மெய்க் குறிகள் யூனிகோடில் மெய்க்குப் பின்தான் சேமிக்கப்படுகின்றன. ஒற்றைக்கொம்பு திரையில் எழுத்துக்கு முன்னால் வரவேண்டும் என்பதை வடிவமைப்பு நூலகம் ஒன்று பார்த்துக்கொள்கிறது. ஈமாக்ஸின் 27ஆம் பதிப்பிலிருந்து அந்த வேலையை ஹார்ஃப்பஸ் செய்கிறது. ஜென்டூவின் ஈமாக்ஸ் ஈபில்டில் ஹார்ஃப்பஸ் ஒரு யூஸ் ஃப்ளாக். இத்தகைய நூலகம் எதையும் சேர்க்காமல் கட்டினால் ‘கெ’, ‘கொ’ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி உடைந்து நிற்கும். ஆயத்தப் பொதி வழங்கல்களில் இந்த முடிவைப் பராமரிப்பாளர் நமக்காக எடுத்துவிடுகிறார். பெரும்பாலும் சரியாகவே எடுக்கிறார். இங்கே அது நம் கையில் இருக்கிறது. அதனால், அப்படி ஒரு முடிவு இருக்கிறது என்பதையே அறிந்துகொள்கிறோம். இதே வழியில் எல்10என் என்ற மாறியில் தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியைச் சேர்த்தால், தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்புகளைத் தனியாகத் தரும் பொதிகள் அவற்றையும் சேர்த்து நிறுவும். ஃப்ரீபிஎஸ்டியின் அடைவுமரத்தில் ஜப்பானியம், கொரியம், அரபு, ஹீப்ரு, வியட்நாமியம் போன்ற மொழிகளுக்குத் தனி வகைகள் உண்டு, தமிழுக்கு இல்லை. எழுத்துருக்களையும் உள்ளீட்டு முறைகளையும் பொது வகைகளில்தான் தேட வேண்டும்.

தேர்வுகள் முடிந்தபின் நிறுவச் சொல்வதற்கு முன், நடக்கப்போவதைக் காட்டச் சொல்லும் வழக்கத்தை ஒவ்வொரு ஜென்டூ பயனரும் பழகிக்கொள்ள வேண்டும். எமர்ஜ் கட்டளையோடு ப்ரிடெண்ட், வெர்போஸ் என்ற இரண்டு விருப்பங்களையும் சேர்த்தால், எந்தெந்தப் பொதிகள் வரப்போகின்றன, எது புதியது, எது மேம்படுத்தல், எது மறுகட்டல், எந்த யூஸ் ஃப்ளாக் எந்த நிலையில் உள்ளது, எவ்வளவு இறக்க வேண்டும் என்று எல்லாம் தெரியும். நிறுவியபின் ஏற்படும் சிக்கல்களில் பெரும்பகுதியை இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தே தவிர்த்துவிடலாம். பொதி நிலையானதாக அறிவிக்கப்படவில்லை என்றோ, முகமூடியிட்டு மறைக்கப்பட்டிருக்கிறது என்றோ, உரிமம் ஏற்கப்படவில்லை என்றோ தடைகள் வருவதும் இங்கேதான். ஜென்டூ இயல்பாகக் கட்டற்ற உரிமங்களை மட்டுமே ஏற்கும். ஆகவே வைஃபை அட்டைக்காக லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியை நிறுவப்போகும் புதியவர் எடுத்த எடுப்பில் உரிமத் தடையைச் சந்திக்கிறார். அதை ஒரு தொல்லையாகப் பலர் சொல்கிறார்கள். தம் கணினியில் மூலநிரல் இல்லாத ஒன்று நுழைகிறது என்பதை ஒருவர் அறிந்தே அனுமதிப்பது நல்லது என்பதால், அந்தத் தடை இருக்க வேண்டும் என்கிறேன்.

நிறுவும் பணி வரிசையானது. இதில் விளக்க அதிகமில்லை. மூலநிரல் இறங்கும். ஜென்டூவில் பிளேக்2பி, எஸ்எச்ஏ512 என்ற இரண்டு சரிபார்ப்பு எண்களோடும், ஃப்ரீபிஎஸ்டியில் எஸ்எச்ஏ256 எண்ணோடும் கோப்பின் அளவோடும் அது ஒப்பிடப்படும். பிறகு விரித்தல், பேட்ச் போடுதல், கான்ஃபிகர் செய்தல், கம்பைல் செய்தல். கட்டி முடிந்த கோப்புகள் நேரடியாக இயங்குதளத்துக்குள் போவதில்லை. தனி அடைவு ஒன்றில் முழுமையாக அடுக்கப்பட்டு, பட்டியல் எடுக்கப்பட்டு, பிறகே உரிய இடத்துக்கு நகர்கின்றன. பாதியில் கம்பைல் தோற்றாலும் இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்பு கெடாமல் இருப்பது இதனால்தான். நினைவகம் பற்றி ஒரு குறிப்பு: ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு கம்பைல் பணிக்கும் 2 ஜிபி நினைவகம் இருக்கட்டும் என்பது ஜென்டூ கையேட்டின் அறிவுரை. 16 இழைகள் கொண்ட செயலியும் 16 ஜிபி நினைவகமும் உள்ளவர் 16 பணிகளை ஓட்ட ஆசைப்படக் கூடாது, 8 போதும்.

நிறுவுவதைவிட மேம்படுத்துவதே கடினம். ஒரு நூலகத்தின் இடைமுகம் மாறினால் அதைச் சார்ந்த அனைத்தையும் மறுபடி கட்டியாக வேண்டும். போர்ட்டேஜ் பழைய நூலகக் கோப்பைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, சார்ந்த பொதிகளைப் பின்னர் மறுகட்டும்படி சொல்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் அப்டேட்டிங் என்ற கோப்பை முதலில் படிக்காமல் போர்ட்களை மேம்படுத்தக் கூடாது. கையால் செய்ய வேண்டிய மாற்றங்கள் அதில் நாள்வாரியாக எழுதியிருக்கும். அங்கே பொறுப்புள்ளவர்கள் இப்போது போர்ட்களை நேரடியாக ஓடும் கணினியில் கட்டுவதில்லை. பூட்ரியேர் என்ற கருவி ஒவ்வொரு போர்ட்டையும் சுத்தமான தனிச் சிறையில் கட்டிப் பொதியாக்கித் தரும். அந்தப் பொதிகளைக் கணினியில் நிறுவிக்கொள்கிறார்கள். பல கணினிகளைப் பராமரிப்பவருக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. தேர்வுகள் நம்முடையவை, கம்பைல் ஒரே இடத்தில், நிறுவுதல் சில நொடிகளில்.

வேகத்தைப் பற்றிய பழைய வழக்குக்கு வருவோம். பெரும்பாலான ஆயத்தப் பொதிகள் 2003இல் வந்த 64 பிட் செயலிகளிலும் ஓடும்படி கட்டப்படுபவை என்பது உண்மை. புதிய செயலியின் ஏவிஎக்ஸ் போன்ற கட்டளைகளைக் கம்பைலர் தாராளமாகப் பயன்படுத்த வேண்டுமானால் நம் செயலிக்கென்று கட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த வேகம் உண்மையில் தேவைப்படும் இடங்களான ஓப்பன்எஸ்எஸ்எல், எஃப்எஃப்எம்பெக் போன்றவை, ஓடும்போதே செயலியை அறிந்து தகுந்த நிரல்பகுதியைத் தேர்ந்துகொள்கின்றன. அன்றாடப் பயன்பாட்டில் வேறுபாடு உணர முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் செலவு பெருகிவிட்டது. க்ரோமியம், எல்எல்விஎம், ரஸ்ட், வெப்கிட் ஆகியவை சாதாரண மடிக்கணினியில் மணிக்கணக்கில் செயலியைச் சூடாக்கும். மின்வெட்டு வழக்கமாக உள்ள ஊர்களில் இது வெறும் பொறுமைச் சோதனையாக இருப்பதில்லை. பாதி கட்டிய வேலை வீணாகும். ஃபயர்ஃபாக்ஸ், ரஸ்ட், லிப்ரேஆபிஸ் போன்றவற்றுக்கு ஆயத்தமாகக் கட்டிய வடிவங்களையும் ஜென்டூ தந்தது இதனால்தான்.

2023 டிசம்பர் 29 அன்று ஜென்டூ இன்னும் ஒரு படி போனது. ஏஎம்டி64, ஏஆர்எம்64 கட்டமைப்புகளுக்கு 20 ஜிபிக்கு மேற்பட்ட ஆயத்தப் பொதிகளைக் கையொப்பமிட்டு வழங்கத் தொடங்கியது. மூலநிரல் கொள்கையை ஜென்டூ கைவிட்டுவிட்டதாகச் சிலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் எனக்கு உடன்பாடில்லை. நம் யூஸ் ஃப்ளாக் தேர்வுகளும் ஆயத்தப் பொதியின் தேர்வுகளும் பொருந்தினால் போர்ட்டேஜ் அதை இறக்கிக்கொள்கிறது. பொருந்தாவிட்டால் மூலத்திலிருந்து கட்டுகிறது. முடிவெடுக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. வீண் கம்பைல் மட்டும் குறைகிறது. இந்த எண்ணத்தை இன்னும் கறாராகச் செய்துகாட்டியது நிக்ஸ். ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு அதன் அடிப்படையை விளக்குகிறது. ஒரு பொதியைக் கட்டப் பயன்பட்ட மூலநிரல், கம்பைலர், சார்புகள், தேர்வுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு குறியெண் அந்தப் பொதி இருக்கும் அடைவின் பெயரிலேயே இடம்பெறுகிறது. அதே குறியெண்ணுள்ள பொதி பொதுச் சேமிப்பகத்தில் இருந்தால் இறக்கம், இல்லாவிட்டால் கட்டுமானம். 2012இல் லூடோவிக் கோர்த்தே தொடங்கிய கீக்ஸ் இதே வழியில் ஸ்கீம் மொழியில் செய்முறைகளை எழுதுகிறது.

நம்பகம் பற்றிய கேள்வியை மூலநிரல் ஆதரவாளர்கள் பலகாலம் எளிதாக எடுத்துக்கொண்டார்கள். மூலநிரலிலிருந்து நாமே கட்டினால் உள்ளே ஒளிந்திருப்பது எதுவுமில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. 2018 ஜூலையில் ஆர்ச்சின் பயனர் களஞ்சியத்தில், பராமரிப்பாளர் இல்லாமல் கிடந்த அக்ரோரீட் என்ற பொதியை ஒருவர் எடுத்துக்கொண்டு அதன் செய்முறையில் தீங்கான வரிகளைச் சேர்த்தார். செய்முறையைப் படிக்காமல் நிறுவியவர்கள் அதை ஓடவிட்டார்கள். அது எளிய தாக்குதல். படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்திய, எக்ஸ்இசட் என்ற மென்பொருளில் இருந்த பின்கதவு வேறு வகை. 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுக் கோப்பில், கிட் களஞ்சியத்தில் இல்லாத ஒரு கட்டுமான மேக்ரோ கோப்பு இருந்தது; அது சோதனைக் கோப்புகளுக்குள் மறைத்த நிரலை வெளியே எடுத்து நூலகத்தில் சேர்த்தது. சரிபார்ப்பு எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. கட்டுமானம் டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாக்கத்தின் பகுதியா என்று அந்த மேக்ரோ பார்த்தபின்பே வேலை செய்தது. ஆகவே ஜென்டூவில் அதன் விளைவு தங்கவில்லை. இலக்கு வேறாக இருந்ததால் தப்பியது ஜென்டூ. அதன் முறை அதைக் காக்கவில்லை. வெளியீட்டுக் கோப்பைவிடக் களஞ்சியத்தின் குறிப்பிட்ட நிலையிலிருந்தே கட்டுவது நல்லது என்ற கருத்து அதன்பிறகு வலுப்பெற்றது சரியான திசைதான்.

கென் தாம்சன் 1984இல் வெளியான டியூரிங் விருது உரையில் இதைவிட ஆழமான ஐயத்தை முன்வைத்தார்: கம்பைலரே கெட்டிருந்தால் மூலநிரலைப் படித்துப் பயனில்லை. கம்பைலரைக் கட்டவும் ஒரு கம்பைலர் வேண்டும். அது ஆயத்தமாகவே வந்தாக வேண்டும். கீக்ஸ் குழு இந்தச் சங்கிலியைப் பின்னோக்கிச் சுருக்கி, 2023இல் 357 பைட் அளவுள்ள ஒரு விதை நிரலிலிருந்து ஜிசிசி வரை கட்டிக்காட்டியது. அதை ஓட்டிய லினக்ஸ் கருநிரலும் கட்டுமானத்தை நடத்திய கைல் நிரலும் அந்தக் கணக்கில் சேரவில்லை. ஆயினும் ஒரு மனிதர் உட்கார்ந்து முழுதும் படிக்கத்தக்க அளவு விதையிலிருந்து ஓர் இயங்குதளத்தின் பொதிகள் வளர்ந்தன என்பது, மூலநிரல் முறையின் இத்தனை ஆண்டுச் சாதனைகளில் தலையாயது என்று கருதுகிறேன்.

ஆக, இன்று ஒருவர் இந்த வழியில் வர விரும்பினால் வேகத்தை எதிர்பார்த்து வர வேண்டாம். ஃப்ரீபிஎஸ்டியில் ஆயத்தப் பொதிகளோடு தொடங்கி, ஒன்றிரண்டை மட்டும் பூட்ரியேரில் கட்டிப் பார்க்கலாம். ஒரே கணினியை ஆழமாக அறிய விரும்புபவருக்கு, ஆயத்தப் பொதிகளைத் துணைக்கு வைத்துக்கொண்ட ஜென்டூ பொருத்தமானது. ஒரே அமைப்பைப் பல கணினிகளில் பிசகாமல் மீட்டெடுக்க வேண்டியவருக்கு நிக்ஸோ கீக்ஸோ.

தேடல்தான் உயிர்நாடி என்பதால், அதில் தமிழுக்கு இருக்கும் இடைவெளியையும் சொல்ல வேண்டும். பொதி விளக்கங்களும் யூஸ் ஃப்ளாக் விளக்கங்களும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆங்கிலம் தயங்கித் தயங்கிப் படிக்கும் மாணவர், ஒரு ஃப்ளாக் எதைச் சேர்க்கிறது என்று ஊகித்துத்தான் தேர்கிறார். ஜென்டூவின் ஒவ்வொரு பொதி அடைவிலும் மெட்டாடேட்டா கோப்பு ஒன்று உண்டு. அதில் நீண்ட விளக்கத்தையும் ஃப்ளாக் விளக்கங்களையும் மொழிக்குறியோடு எழுத விதிகளிலேயே இடம் இருக்கிறது. தமிழ் எழுத்துருக்கள், உள்ளீட்டு முறைகள், ஈமாக்ஸ், லிப்ரேஆபிஸ் என்று தமிழர் முதலில் தேடும் பொதிகளில் தொடங்கி அந்த விளக்கங்களை எழுதலாம். எந்த ஃப்ளாக்கை நீக்கினால் தமிழ் எழுத்து உடையும் என்பதை அங்கே சொல்லவேண்டியவர்கள் தமிழில் எழுதிப் பார்ப்பவர்கள்தான்; அந்தச் சிக்கல் மற்றப் பராமரிப்பாளர்களின் திரையில் தென்படுவதில்லை.